பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள்

2016ஆம் ஆண்டு, போகிக்கு இரண்டு நாள் முன்பு. சென்னை ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய ஒரு சந்தில் கையில் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுச் சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன கோட்டைத் தேடி வந்திருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு பழுப்புக் கோடு நிற்கும், பார்த்திருப்பீர்கள். சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒட்டிக்கொண்ட கோடு. தரையிலிருந்து அதுவரை அளந்து, இடத்தையும் ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக்கொண்டால், 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அந்தச் சந்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

அங்கே ஒரு அக்கா பிரஷ்ஷைச் சுண்ணாம்பு வாளியில் தோய்த்துத் தோய்த்துச் சுவரில் இழுத்துக்கொண்டிருந்தார். கோடு பாதி மறைந்திருந்தது. "அக்கா, ஒரு நிமிஷம், அளந்துக்கறேன்" என்று ஓடினேன்.

"இன்னா பாப்பா, நாளு கெழமைக்குச் செவுத்த இப்டியேவா வுட்டு வெக்கச் சொல்ற? புள்ளைங்க அந்தக் கோட்டப் பாத்தாலே ராத்திரி தூங்க மாட்டேங்குதுங்க" என்றார். ஆனாலும் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு, டேப்பின் அடுத்த முனையைத் தரையில் பிடித்துக்கொண்டார். ஐந்தடி இரண்டு அங்குலம். என் தோளைத் தாண்டிய உயரம்.

அந்தச் சந்தில் பதினெட்டு வீடுகள். அன்றைக்கு நான்கு வீட்டில்தான் கோடு மிச்சம் இருந்தது. பொங்கல் கழிந்து போனபோது ஒன்றுகூட இல்லை.

இதில் அந்த மக்கள் மேல் என்ன குற்றம்? டிசம்பரில் வெள்ளம் வந்தால் ஜனவரியில் வெள்ளையடிப்பார்கள். நம் ஊரில் அப்படித்தான். கோளாறு ஆய்வாளர்களான எங்கள் பக்கம் இருந்தது. டிசம்பர் இரண்டாவது வாரமே ஆய்வுக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பாதிக்கப்பட்ட மனிதர்களிடம் கேள்வி கேட்கும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதன் பிறகு நிதிக்கான அனுமதி. இரண்டும் கைக்கு வந்தபோது பிப்ரவரி கடைசி. சுவரை அளக்க யார் அனுமதியும் தேவையில்லை என்பதால் ஜனவரியில் நானாகக் கிளம்பிப் போனேன். அந்த நான்கு கோடுகள் கிடைத்தது அதனால்தான்.

அப்போதிருந்து பேரிடர் ஆய்வு என்றாலே வெள்ளத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் நடுவில் இருந்த அந்த ஆறு வாரம்தான் எனக்கு நினைவுக்கு வரும். சாட்சிகள் உயிரோடு இருப்பது அவ்வளவு காலம்தான். சுவர்க் கோடு, செல்போனில் எடுத்த படம், எத்தனை மணிக்கு லைட் போனது என்ற ஞாபகம், எந்தப் படகு முதலில் வந்தது என்ற ஞாபகம், எல்லாமே அதற்குள் கலைய ஆரம்பித்துவிடும். ஆய்வுக்கான ஏற்பாடுகளோ அதற்கு மேல் காலம் எடுத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மழைக்காலத்துக்கு முன்பே, ஆகஸ்டிலேயே, கேள்வித்தாளும் அனுமதியும் தயாராக இருக்க வேண்டும். வெள்ளம் வராவிட்டால் அந்த வருஷம் அதை அலமாரியில் வைத்துவிடலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் "நடக்காத ஒன்றுக்கு எப்படி அனுமதி தருவது?" என்று கேட்கிறார்கள். தீயணைப்பு வண்டியை நாம் தீப்பிடித்த பிறகா வாங்குகிறோம்?

ஒரு சுவர்க் கோட்டுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று கேட்கலாம். வெள்ளத்தைக் கணினியில் கணக்கிடுகிறவர்கள் மழை அளவு, ஏரியிலிருந்து திறக்கும் நீர், நிலத்தின் மேடு பள்ளம், கடலின் ஏற்றம் எல்லாவற்றையும் போட்டு, எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் நிற்கும் என்று ஒரு வரைபடம் எடுப்பார்கள். அந்த வரைபடம் சரியா என்று பார்க்க நிஜமாக நின்ற தண்ணீரின் உயரம் வேண்டும். 2015க்குப் பிறகு சென்னைக்கென்று ஒரு வெள்ள எச்சரிக்கை அமைப்பு உருவானது, சி-ஃப்ளோஸ் என்று பெயர். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தோடு சென்னை ஐ.ஐ.டி., மும்பை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் சேர்ந்து செய்தது. பலவகை மழைக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, வானிலை முன்னறிவிப்பு வந்ததும் பொருத்தமான வெள்ளப் படத்தை எடுத்துப் பார்க்கும் முறை. நல்ல வேலை, மனமாரச் சொல்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட எந்த அமைப்புக்கும் உணவு அந்தச் சந்துச் சுவரிலிருந்துதான் போக வேண்டும். ஆற்றில் வைத்திருக்கும் அளவுகோல் பெருவெள்ளத்தில் முங்கிப்போகும், அல்லது அடித்துக்கொண்டு போகும். நமக்கு அளவு எப்போது மிகவும் தேவையோ, கருவி கைவிடுவதும் அப்போதுதான்.

சரி, 2015இல் நடந்ததைப் பற்றி நாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். "செம்பரம்பாக்கம் ஏரியை யார் திறந்தது?" டீக்கடையில், பேருந்தில், தொலைக்காட்சியில் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. நியாயமான கேள்வி. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் அதைத் தொட்டது. வினாடிக்கு 29,000 கன அடி நீர் தொடர்ந்து 21 மணி நேரம் திறந்துவிடப்பட்டதைச் சுட்டி, இதை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்றது. அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். வெள்ளம் வந்து இரண்டரை வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

ஆனால் தாம்பரத்தை அடுத்த முடிச்சூருக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் தலைவரை மூழ்கின. செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேருவது அதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளும் ஓடைகளும். டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வழியில் இருந்த ஏரிகளெல்லாம் கலங்கல் வழிந்து ஓடின. மதகுச் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்டால் முடிச்சூருக்குப் பதில் கிடைக்காது. அங்கே கேட்க வேண்டியது, ஓடை போகும் இடத்தில் மனை பிரித்துக் கொடுத்தது எந்த வருஷம், யாருடைய ஒப்புதலில் என்பது. முப்பது வருஷத்தில் ஆயிரம் சின்னச் சின்னக் கையெழுத்துகளால் நடந்தது அது. வெயில் அடித்த நாட்களில் போட்ட கையெழுத்துகள்.

பழி தேடும் விசாரணை இன்னொரு தீங்கும் செய்கிறது. ஒரு பொறியாளரிடம் போய், அன்றிரவு எத்தனை மணிக்கு என்ன தகவல் வந்தது, யாரிடம் கேட்டீர்கள், ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டால், அவர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் வேலை போகும் என்ற பயம். நான் பேசிய ஓய்வுபெற்ற ஒருவர் இரண்டு மணி நேரம் காபி கொடுத்து, குடும்பக் கதையெல்லாம் பேசி, கடைசியில் வாசல்வரை வந்து, "அம்மா, அந்த ராத்திரி நான் வீட்டுக்கே போகலை. அதை மட்டும் எழுதிக்கோங்க" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அவருக்குத் தெரிந்தது எவ்வளவோ இருக்கும். அது அவரோடு போய்விடும்.

விமான விபத்து விசாரணையில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதியே அப்படித்தான் இருக்கிறது: விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டும்தான், பழியோ பொறுப்போ சுமத்துவது அதன் வேலை இல்லை. தண்டனை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக நீதிமன்றம் இருக்கிறது. வெள்ளத்துக்கும் அப்படி ஒரு அமைப்பு வேண்டும் என்று நான் பத்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். குற்றவாளியைத் தப்பவிடும் யோசனை என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்குப் புரிகிறது, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் அப்படித்தான் நினைப்பார். ஆனாலும் இரண்டு வேலையையும் ஒரே மேசையில் செய்தால் இரண்டுமே நடப்பதில்லை.

அப்புறம் எண்ணிக்கை. யார் எங்கே வசிக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த அவசரகாலத் திட்டமும் போட முடியாது. நாங்கள் இன்றுவரை கையில் வைத்திருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்கெடுத்தது 2011 பிப்ரவரி, மார்ச்சில். சென்னை மாநகராட்சி விரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். 176 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது, வார்டுகள் 200 ஆயின. ஆக, மாநகராட்சியின் வார்டுவாரிக் கணக்கு பழைய நகரத்துக்குத்தான் இருக்கிறது. பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர், பெருங்குடி என்று தண்ணீர் தேங்கும் இடங்கள் பல அப்போது வெளியே இருந்தவை. பழைய ஊராட்சிக் கணக்கையும் பேரூராட்சிக் கணக்கையும் புதிய வார்டு எல்லைக்குள் வெட்டி ஒட்டுவதிலேயே என் ஆய்வில் ஒரு வருஷம் போனது. வெட்டி ஒட்டியதற்குப் பிறகும், ஒரு படுகைக்குள் எத்தனை முதியவர்கள் தரைத்தளத்தில் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் கைவிரிப்பேன்.

நிவாரணப் பட்டியல் இருக்கிறதே என்பார்கள். 2015இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். மிக்ஜாமின்போது பணம் ரேஷன் கடை வழியாகப் போனது. கஷ்டப்பட்டவர்கள் கைக்குச் சீக்கிரம் பணம் போய்ச் சேர அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வாளர் அந்தப் பட்டியலை எடுத்து "பாதிக்கப்பட்டோர்" என்று தலைப்புப் போட்டுவிட்டால், ரேஷன் அட்டை இல்லாதவர் பாதிக்கப்படாதவர் ஆகிவிடுகிறார். கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருந்த பீகார்காரர், வேறு ஊர் முகவரியில் அட்டை வைத்துக்கொண்டு இங்கே ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர், விடுதியில் இருந்த பெண்கள், ஒருவரும் கணக்கில் வரமாட்டார்கள். சாவுக் கணக்கும் அப்படித்தான். தண்ணீரில் மூழ்கினால் வெள்ளச் சாவு. மின்சாரம் இல்லாமல் டயாலிசிஸ் தள்ளிப்போய் பத்து நாள் கழித்து இறந்தால்? எங்கள் தெருவில் ஒரு தாத்தா அப்படிப் போனார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கணக்கெடுக்கப் போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில், அனுமதி கையில் வந்த பிறகு, அதே ஜாபர்கான்பேட்டைச் சந்துக்கு 42 கேள்விகளோடு போனேன். மூன்றாவது வீட்டில் ஒரு ஆயா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "நீ பதினாலாவது ஆளு கண்ணு. எல்லாரும் எழுதினு போறீங்க. எங்களுக்கு இன்னா எழுதியாந்து குடுத்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கல்லூரி மாணவர்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகள், அரசு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொருவராக வந்து அந்த இரவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒருவர் எடுத்த பதிலை இன்னொருவர் பார்க்க வழியில்லை. அவரவர் கட்டுரை அவரவர்க்கு. அன்றைக்கு 42 கேள்வியில் 30ஐ அடித்துவிட்டேன். மீதிக்குக் கிடைத்த பதில்களை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் போட்டு, அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தேன். என் ஆய்வேட்டை எத்தனை பேர் படித்தார்கள் தெரியாது. அந்த ஒரு பக்கத்தைச் சிலர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள்.

அந்தச் சந்தின் ஒரு வரிசை இப்போது இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்தில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்பது காரணம். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. தென்சென்னையின் பல ஏரிகள் வழிந்தால் தண்ணீர் வந்து நிற்கும் தாழ்வான பூமி அது, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும் மெதுவாக வடிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டியதில்லை. ஒக்கியம் மடுவு என்ற பெயரிலேயே, நீர் தேங்கும் பள்ளம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வேலை போனது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போனது, மழை பெய்தால் அங்கேயும் முழங்கால் தண்ணீர். பேரிடர்த் தணிப்பு என்று கோப்பில் எழுதப்பட்ட ஒன்று, அந்தக் குடும்பங்களுக்கு இன்னொரு பேரிடராகப் போய் முடிந்தது. என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான்.

சட்டங்கள் மாறாமல் இல்லை. ஆனால் எப்போது மாறுகின்றன என்று பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி. பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 2005 டிசம்பர் 23. ஓராண்டு நினைவு நாளுக்கு மூன்று நாள் முன்பு. துயரம் பச்சையாக இருக்கும்போதுதான் கதவு திறக்கிறது. அந்தச் சட்டத்திலேயே பேரிடர்த் தணிப்புக்கு ஒரு நிதி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தேசிய அளவில் அது நிஜமாக அமைந்தது 2021இல். பதினைந்து வருஷம், வந்த பிறகு கொடுக்கப் பணம் இருந்தது, வராமல் தடுக்கத் தனி நிதி இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு வந்துதான் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கு என்று ஒதுக்கச் சொன்னது. நகர வெள்ளத்துக்காகச் சென்னைக்கு 500 கோடி ரூபாயும் அதே குழுவின் பரிந்துரை. சென்னைப் படுகைக்கான 561.29 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அறிவிப்பு வந்தது 2023 டிசம்பர் 7 அன்று. மிக்ஜாமின் தண்ணீர் அப்போது வேளச்சேரியில் இன்னும் வடியவில்லை.

கதவு திறந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் உள்ளே நுழைவது எது? ஏற்கெனவே தயாராக இருக்கும் திட்டம்தான். கால்வாய், குழாய், பம்ப், கான்கிரீட். அவையும் வேண்டும்தான். மனை ஒப்புதல் முறையை மாற்று, துணை மின்நிலையத்தை மேட்டுக்கு எடுத்துப்போ, ஏரி நீர்மட்டத்தை மணிக்கு மணி மக்களுக்குச் சொல் என்பது போன்ற ஆலோசனைகள் அந்த நேரத்தில் ஆதாரத்தோடு தயாராக இருப்பதில்லை. ஏனென்றால் அந்த ஆதாரம் இன்னும் நெறிமுறைக் குழுவின் மேசையில் இருக்கிறது. 2021 மழைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது, 2023 மார்ச்சில் அது தன் இறுதி அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தது. இப்படிப்பட்ட அறிக்கை எதுவானாலும் கொடுத்த அன்றே தமிழில் அச்சாகி நூலகத்தில் கிடைக்க வேண்டும் என்பது என் வாதம்.

2025இல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பெருநகரங்களுக்கென்று தனியாக நகரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம், மாநகராட்சி ஆணையர் அதற்குத் தலைவராக இருப்பார். தேசிய அளவிலும் மாநில அளவிலும் பேரிடர்த் தரவுத்தளம் வைக்க வேண்டும். இரண்டுமே எங்களைப் போன்றவர்கள் வெகுநாள் கேட்டவை, சந்தோஷப்பட்டேன். தெருவோர வடிகால் மாநகராட்சியிடம், ஆறு நீர்வளத் துறையிடம், பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், மனை ஒப்புதல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) என்று இருக்கும் ஊரில், மழை பெய்யும் இரவில் யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்பதாவது இனி தெளிவாகலாம். அந்தத் தரவுத்தளத்தில் யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்பதில்தான் என் கவலையெல்லாம்.

ஏனென்றால் மக்கள் தாமாகவே ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். மழை வடக்கே நகர்ந்துபோனது. "வீண் அலட்டல்" என்று பலர் பேசினார்கள். எனக்கு அந்தப் படம் ஒரு ஆய்வறிக்கை போலத் தெரிந்தது. எந்தத் தெருவில் எத்தனை பேர் இன்னும் பயப்படுகிறார்கள், யார் சொன்னால் நம்புகிறார்கள், எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் போதும், எல்லாம் அந்தப் பாலத்தில் நின்றன. யாராவது போய் எண்ணினார்களா என்று தெரியவில்லை.

வார்டு அலுவலகத்தில் ஒரு வெள்ளப் பதிவேடு வைத்தால் என்ன? தெரு, தேதி, உயரம், வடிய எத்தனை நாள். யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். வீடு வாங்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு வாங்கட்டும். மனைக்கு ஒப்புதல் தருகிறவர் அதில் ஒரு வரியாவது மேற்கோள் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

மிக்ஜாம் முடிந்து, 2024 பொங்கலுக்கு முன்பு பெரும்பாக்கம் போயிருந்தேன். சுண்ணாம்பு அடித்த அந்த அக்கா இப்போது அங்கேதான் ஐந்தாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் ஓடவில்லை, எனக்காகக் கீழே இறங்கி வந்தார். தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டேன். படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவர் பளிச்சென்று இருந்தது, புதிதாக அடித்திருந்தார்கள். கோடு இல்லை என்று நினைத்துத் திரும்பியபோது விரலால் தொட்டுக் காட்டினார். சுவரில் ஒரு ஆணி.

"நீ வருவேன்னு தெரியும். பெயிண்டு அடிச்சா கோடு பூடும்ல, அதான் தண்ணி நின்ன எடத்துல ஆணி அடிச்சு வெச்சேன்" என்றார்.

டேப்பை எடுத்தேன். கேட்காமலே குனிந்து அடுத்த முனையைத் தரையில் பிடித்துக்கொண்டார். ஒரு அடி ஏழு அங்குலம். எழுதிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்து பிளாக்குலயும் அடிச்சு வெச்சிருக்கோம், வா" என்று முன்னால் நடந்தார்.